போர் முடிந்த மறுநாள் கப்பலுக்கு என்ன வேலை?

இணையத்தில் பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பட்டியல் ஒன்று உண்டு. சோழர் கடற்படையில் 'தரணி' என்றால் டிஸ்ட்ராயர், 'லூலா' என்றால் கார்வெட், 'வஜ்ரா' என்றால் ஃபிரிகேட், 'திரிசடை' என்றால் பேட்டில்ஷிப். உங்கள் பெரியப்பாவும் வாட்ஸப்பில் அனுப்பியிருப்பார். எந்தக் கல்வெட்டு, எந்தச் செப்பேடு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அவன் கடலில் பல கலங்களைச் செலுத்தியதைச் சொல்கிறது. கடாரம் முதலாக வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. கலங்களின் வகைகளைச் சொல்லவில்லை. அந்தக் காலி இடத்தில் இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கடற்படையின் படிநிலையைக் கொண்டுவந்து ஒட்டி, பழைய வாசனையுள்ள பெயர்களை எழுதிவைத்துவிட்டோம். அந்தக் கப்பல்கள் என்ன செய்தன என்பதைவிட அவை என்ன 'கிளாஸ்' என்பதுதான் நமக்கு முக்கியமாகப் படுகிறது.

ராணுவ அறிவியல் புனைகதை வாசிக்கும் நம் கூட்டமும் இந்தப் பட்டியல் வியாதிக்குத் தப்பவில்லை. டேவிட் வெபரின் 'ஹானர் ஹாரிங்டன்' வரிசையில் ஊறியவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்தக் கப்பல் எத்தனை டன், எத்தனை ஏவுகணைக் குழாய் என்று சொல்லிவிடுவார்கள். தமிழில் விண்வெளிப் போர் எழுத முயலும் நண்பர்கள் சிலர் தங்கள் வரைவுகளை எனக்கு அனுப்புவதுண்டு. கதைக்கு முன்னால் எக்ஸெல் வந்து சேரும். 12 பேட்டில்ஷிப், 40 குரூசர், நடுவில் 'ராஜேந்திரன்' என்றொரு தாய்க்கப்பல். போர் நடக்கும், ஜெயிப்போம், கொடி பறக்கும், கதை முடியும். சரி, அந்த நாற்பது குரூசரும் மறுநாள் காலையில் எங்கே போகும் என்று கேட்டால் பதில் வராது.

என் வாதம் இதுதான். ஒரு போர்க்கப்பல் என்னவென்று தெரிந்துகொள்ள அது போரில் என்ன செய்தது என்று பார்த்தால் போதாது. போர் முடிந்த பிறகு அதன் எதிரில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எதிரி போய்விடுவான், கப்பல் போகாது. மாலுமிக்கு மாதச் சம்பளம் உண்டு, இன்ஜினுக்கு டீசல் உண்டு, தளபதிக்குப் பட்ஜெட் உண்டு. கப்பல் வேலை தேடும். அந்த வேலையில் அகப்படுகிறவர் பெரும்பாலும் கையில் ஆயுதம் இல்லாதவர். இதைச் சொல்லாத ராணுவப் புனைகதை பாதிக் கதை. இதைத் தமிழில் எழுதாமல் விடுவதற்கு நமக்கு ஒரு சாக்கும் கிடையாது. நான் அறிந்தவரை இதற்கான ஆகத் தெளிவான உதாரணம், தாம்பரத்தில் சாயங்காலம் ரயிலேறினால் மறுநாள் விடிகாலையில் இறங்கும் தூரத்தில், ராமேஸ்வரத்துக்கு எதிரே கிடக்கிறது. அங்கே போவதற்கு முன்னால் இந்தப் பட்டியலைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

*

குரூசர், டிஸ்ட்ராயர், ஃபிரிகேட் என்பவை ஏதோ பௌதிக விதிபோலப் பேசப்படுகின்றன. உண்மையில் அவற்றில் பாதியை வக்கீல்கள் உருவாக்கினார்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் 1922இல் வாஷிங்டனில் வல்லரசுகள் உட்கார்ந்து பெரிய கப்பல்களுக்கு டன் கணக்கில் உச்சவரம்பு போட்டன. அந்த வரம்புக்குக் கீழே 10,000 டன், 8 அங்குலப் பீரங்கி வரை கட்டலாம் என்றானதும் எல்லா நாடுகளும் சரியாக 10,000 டன்னில், 8 அங்குலப் பீரங்கியோடு கப்பல் கட்டத் தொடங்கின. 1930 லண்டன் ஒப்பந்தம் பீரங்கியின் விட்டத்தை வைத்துக் குரூசர்களை இரண்டு வகையாகப் பிரித்தது. 'ஹெவி குரூசர்' என்ற வகை நிலைபெற்றது இப்படித்தான். கடலோ எதிரியோ அதைக் கேட்கவில்லை, ஒரு ஒப்பந்தத்தின் ஷரத்து கேட்டது.

இன்னொன்று. 1975 ஜூன் 30 அன்று அமெரிக்கக் கடற்படையில் பல ஃபிரிகேட்டுகள் ஒரே நாளில் குரூசர்கள் ஆயின. ஒரு ஆணியைக்கூட மாற்றவில்லை. சோவியத் படையிடம் குரூசர்கள் அதிகம், நம்மிடம் குறைவு என்ற பேச்சு அரசியலில் எடுபட்டதால் பெயர்ப்பலகையை மாற்றினார்கள். ஜப்பானின் 'இசுமோ' 248 மீட்டர் நீளம், தலையிலிருந்து வால்வரை தட்டையான தளம். அதைப் பார்க்கும் எந்தக் குழந்தையும் விமானந்தாங்கி என்றுதான் சொல்லும். ஜப்பான் அதை 'ஹெலிகாப்டர் ஏந்தும் பாதுகாப்புக் கப்பல்' என்கிறது. தோற்ற நாட்டின் அரசியல் சட்டம் அப்படிச் சொல்ல வைக்கிறது.

ஆகவே கப்பலின் வகை என்பது போருக்குப் பிந்தைய ஒரு பேரத்தின் கறை. இந்த உணர்வு நம் வகைமையில் கொஞ்சமாவது உள்ள இடம் யோஷிகி தனாகாவின் 'லெஜண்ட் ஆஃப் த கேலக்டிக் ஹீரோஸ்'. அதில் தோற்ற கூட்டமைப்பு போர்க்கப்பல்களையும் தாய்க்கப்பல்களையும் வைத்திருக்கக் கூடாது என்று சமாதான ஒப்பந்தம் சொல்லும். யாங் வென்லி சில கப்பல்களைக் கணக்கிலிருந்து மறைத்து வெளியே அனுப்பிவிடுவான். 1919 வெர்சாய் ஒப்பந்தம் தெரிந்தவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று புரியும். ஜெர்மனிக்கு 6 பழைய போர்க்கப்பல், 6 சிறு குரூசர், 12 டிஸ்ட்ராயர், 12 டார்பிடோப் படகு, நீர்மூழ்கியே கூடாது என்று எண்ணிக் கொடுத்த ஒப்பந்தம் அது.

ஆனால் பெரும்பாலான ராணுவப் புனைகதைக்குப் போருக்குப் பிந்தைய கடற்படை என்றால் ஒரே ஒரு பாடம்தான் தெரியும்: 'குறைக்காதே, குறைத்தால் அழிவாய்.' வெபரின் 'வார் ஆஃப் ஆனர்' 2002இல் வந்தது. போர்நிறுத்தம் ஆனதும் சுயநல அரசியல்வாதிகள் கப்பல் கட்டுவதை நிறுத்துவார்கள், எதிரி ரகசியமாகக் கட்டிக்கொண்டிருப்பான், அப்புறம் அடி விழும். 'ஸ்டார் வார்ஸ்' புதிய குடியரசும் அப்படியே. போர் முடிந்ததும் ஆயுதக் குறைப்புச் சட்டம், முப்பது வருடம் கழித்து ஒரே சுடலில் தலைநகரம் காலி. இந்தக் கதைகளில் போருக்குப் பிந்தைய காலம் என்பது அடுத்த போருக்கான இடைவேளை மட்டுமே. தியேட்டரில் பாப்கார்ன் வாங்கப் போகும் நேரம். அந்த நேரத்தில் கப்பல்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று ஆசிரியரும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

வெபருக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். 'ஹானர் ஹாரிங்டன்' வரிசையின் முதல் நாவலான 'ஆன் பசிலிஸ்க் ஸ்டேஷன்' (1993) முழுக்க இதுதான். ஒரு பழைய சிறு குரூசர், யாருக்கும் வேண்டாத புறக்காவல் பணி, கடத்தல் பிடிப்பது, வணிகக் கப்பல்களில் சுங்கச் சோதனை போடுவது. அந்த வரிசையில் இன்றைக்கும் திரும்பப் படிக்க முடிகிற புத்தகம் எனக்கு அது ஒன்றுதான். பிந்தைய புத்தகங்களில் ஏவுகணைகளின் எண்ணிக்கை ஏற ஏற மனிதர்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

*

நிஜத்தில் என்ன நடக்கும்? 1945 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையிடம் 6,768 கப்பல்கள் இருந்தன. 1950 ஜூனில் 634. ஐந்து வருடத்தில் பத்தில் ஒன்று. மீதி எல்லாம் மாயமாகிவிடவில்லை. கொஞ்சம் உடைக்கப்பட்டது, கொஞ்சம் ஓரங்கட்டப்பட்டது, கொஞ்சம் பிற நாடுகளுக்குப் போனது. ஒரு பேரரசின் கழிவுதான் அடுத்த தலைமுறை நாடுகளின் கடற்படை. பிரிட்டனும் அப்படியே. 1939இல் லா பிளாட்டா நதிமுகத்தில் ஜெர்மானிய 'கிராஃப் ஸ்பே'யை எதிர்த்த 'அக்கிலீஸ்', 1948இல் இந்தியாவுக்கு வந்து 'டெல்லி' ஆனது. 1956இல் வந்த ஆங்கிலப் படத்தில் தன் பழைய வேடத்தில் தானே நடித்தது. 1961இல் டையூவில் போர்ச்சுக்கீசியரைச் சுட்டது. இரண்டாம் உலகப் போருக்காகக் கட்டத் தொடங்கி பாதியில் நின்றுபோன 'ஹெர்குலிஸ்' 1961இல் நமக்கு 'விக்ராந்த்' ஆனது. 1971இல் வங்காள விரிகுடாவில் போரிட்டது, பிறகு மும்பையில் அருங்காட்சியகமானது, 2014இல் உடைக்கப்பட்டது. அந்த இரும்பில் கொஞ்சம் பஜாஜ் 'வி' பைக்குகளில் சேர்க்கப்பட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் சிக்னலில் உங்கள் பக்கத்தில் நின்று புகைவிடும் வண்டியில் ஒரு விமானந்தாங்கியின் துளி இருக்கலாம். இதைவிட நல்ல அறிவியல் புனைகதை எனக்கு வராது.

2003இல் வந்த 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பழைய போர்க்கப்பல், அருங்காட்சியகமாக்கப்போகும் நாள், கேப்டனுக்கு ஓய்வு. அந்த முதல் அரை மணி நேரத்தில் உள்ள சோகம் எந்த எக்ஸெல் ஷீட்டிலும் வராது. 'த எக்ஸ்பேன்ஸ்' வரிசையின் 'நெமிசிஸ் கேம்ஸ்' (2015) இன்னும் ஒரு படி மேலே போகிறது. செவ்வாய்க்கிரகத்தின் பெருங்கனவு பொருளிழந்ததும் அதன் கடற்படை என்னாகும்? கப்பல்கள் கணக்கிலிருந்து காணாமல் போகும், யார் கையிலோ முளைக்கும், அந்த யாரோ ஒரு புதிய போரைத் தொடங்குவார். கப்பல் ஒரு நாட்டின் கொள்கையைவிட நீண்ட ஆயுள் கொண்டது என்பதை அந்த ஆசிரியர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

*

இப்போது பாக் நீரிணைக்கு வருவோம்.

1995 ஏப்ரல் 19 அன்று திருகோணமலைத் துறைமுகத்தில் இலங்கைக் கடற்படையின் 'சூரயா', 'ரணசுரு' என்ற இரண்டு கப்பல்களைக் கடற்புலிகள் மூழ்கடித்தார்கள். மூன்றாம் ஈழப்போர் அதிலிருந்து தொடங்கியது. அதன் பிறகான கடற்போர் முழுக்க ஒரு கேள்வியைச் சுற்றியது: சின்னப் படகுக் கூட்டத்தையும் தற்கொலைப் படகையும் எப்படி எதிர்கொள்வது? இஸ்ரேலிய 'டிவோரா' அதிவேகப் படகுகள் வந்தன. அவையும் போதாமல் 2005க்குப் பிறகு வசந்த கரன்னகொட தளபதியாக இருந்தபோது 'ஏரோ' என்ற சிறு படகுகளை உள்நாட்டிலேயே நூற்றுக்கணக்கில் கட்டினார்கள். புலிகளின் முறையைப் பார்த்து அரசு கற்றுக்கொண்ட பாடம் அது. வேகமாகப் போ, கூட்டமாகப் போ, நெருங்கி வரும் எந்தப் படகையும் முதலில் ஆபத்தாகக் கொள். ஒவ்வொரு படகின் வடிவமைப்பிலும், ஒவ்வொரு மாலுமியின் தசையிலும் இந்த விதி எழுதப்பட்டது.

ஆழ்கடலில் நடந்தது வேறு. 2007 செப்டம்பரிலும் அக்டோபரிலும் கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் போய்ப் புலிகளின் ஆயுதக் கிடங்குக் கப்பல்களை மூழ்கடித்தவை எவை என்று பார்த்தால் நம் பட்டியல்காரர்களுக்கு ஏமாற்றம்தான். 'சயுர' முன்பு இந்தியக் கடற்படையின் ரோந்துக் கப்பல். 'சாகர' இந்தியக் கடலோரக் காவல்படையிடம் குத்தகைக்கு வாங்கியது. 'சமுதுர' 1968இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்காகக் கட்டப்பட்டது. பேட்டில்ஷிப் இல்லை, குரூசர் இல்லை. அடுத்தவர் வீட்டுப் பழைய வண்டிகள்.

போரின் கடைசி மாதங்களில் அந்தக் கடலில் இன்னொரு கலமும் இருந்தது. 2009 பிப்ரவரி முதல் மே வரை, கடற்படை முல்லைத்தீவுக் கரையை வளைத்து நின்றபோது, செஞ்சிலுவைக் கொடியோடு 'கிரீன் ஓஷன்' என்ற பயணிகள் படகு புதுமாத்தளன் பக்கம் வந்து காயம்பட்டவர்களை ஏற்றிப்போனது. செஞ்சிலுவைச் சங்கம் அந்த மாதங்களில் கடல்வழியே வெளியேற்றிய நோயாளிகளும் உடன்சென்றவர்களும் பதின்மூன்றாயிரத்துக்கும் அதிகம். அந்தப் போரின் கப்பல்களில் எதை நினைவில் வைக்கலாம் என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். எந்த ரசிகர் பட்டியலிலும் அதற்கு இடமில்லை. அதற்கு ஆயுதம் இல்லையே.

மே மாதம் போர் முடிந்தது. கடற்புலிகள் இல்லை. இனிமேல்தான் என் கேள்வி. தற்கொலைப் படகுகளை எதிர்க்கக் கட்டிய அத்தனை வேகப்படகுகளுக்கும் மறுநாள் என்ன வேலை?

'போர் முடிந்ததும் படையைக் குறைத்தால் ஆபத்து' என்று வெபர் பயமுறுத்துகிறார். இலங்கை குறைக்கவில்லை. தரைப்படையை 2,00,783 பேரிலிருந்து 2024க்குள் 1,35,000 ஆகவும், 2030க்குள் ஒரு லட்சமாகவும் குறைப்போம் என்று அரசு அறிவித்ததே 2023 ஜனவரியில்தான். அதுவும் நாடு திவாலாகி, பெட்ரோல் வரிசையில் மக்கள் நாள்கணக்கில் நின்ற பிறகு. கடற்படையோ மேல்நோக்கி வளர்ந்தது. கோவாவில் கட்டிய 'சயுரால' 2017இல், 'சிந்துரால' 2018இல். அமெரிக்கா கொடுத்த 'கஜபாகு', சீனா கொடுத்த 'பராக்கிரமபாகு' 2019இல். மறுபடி அமெரிக்கா கொடுத்த 'விஜயபாகு' 2022இல். கஜபாகுவின் முன்பிறவியைக் கேளுங்கள். 'ஷெர்மன்' என்ற பெயரில் அமெரிக்கக் கடலோரக் காவல்படையில் இருந்தபோது, 1970இல் வியட்நாம் கடலில், ஆயுதம் கொண்டுவந்த இழுவைப்படகு ஒன்றை மூழ்கடித்த கப்பல் அது. ஒரு போரின் மிச்சம் இன்னொரு போரின் மிச்சத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தப் பெரிய கப்பல்கள் கூட்டுப் பயிற்சிக்குப் போகும், வெளிநாட்டுத் துறைமுகங்களில் கொடி காட்டும், தெற்கு ஆழ்கடலில் போதைப்பொருள் படகுகளைப் பிடிக்கும். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டருக்குள். அங்கே பெரிய கப்பலுக்கு வேலையில்லை. அங்கே நின்றது போர்க்காலத்துச் சின்னப் படகுகளும் அவற்றின் பழக்கமும்தான். எதிரே வந்தது யார்? ராமேஸ்வரம், மண்டபம், ஜெகதாப்பட்டினம், நாகப்பட்டினம் மீனவர்.

2021 ஜனவரி 18. நெடுந்தீவுப் பக்கம் இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி ஒரு விசைப்படகு மூழ்கியது. அதிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள். தப்பி ஓடும்போது படகுதான் வந்து மோதியது என்றது கடற்படை. வேண்டுமென்றே இடித்தார்கள் என்றார்கள் மீனவர்கள். 2024 ஜூன் மாதம் காங்கேசன்துறைக்கு அருகே இந்திய விசைப்படகு ஒன்றைப் பிடிக்கும் முயற்சியில் இலங்கை மாலுமி ஒருவர் இறந்தார். அதே வருடம் ஆகஸ்ட் 1 அன்று கச்சத்தீவுக்கு அருகே கடற்படைக் கலம் மோதி விசைப்படகு கவிழ்ந்தது. ஒருவர் இறந்தார், ஒருவரைக் காணவில்லை. அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஐநூறுக்கும் அதிகமான மீனவர்கள் கைதானார்கள்.

இதைப் படித்ததும் 'சிங்களக் கடற்படை' என்று கொதித்துவிட்டு நகர்வது சுலபம். நகராதீர்கள். எல்லையின் அந்தப் பக்கம் இருப்பவர்களும் தமிழ் மீனவர்கள்தான். போர்க்காலத்தில் உயர்பாதுகாப்பு வலயம் என்று சொல்லிக் கடலிலிருந்தே விரட்டப்பட்டவர்கள். 2009க்குப் பிறகு கடன்வாங்கி ஃபைபர் படகும் வலையும் வாங்கித் திரும்பி வந்தார்கள். ராத்திரியில் நம் இழுவைப்படகுகள் போய் அந்த வலைகளை அறுத்துவிட்டு வருகின்றன, கடலின் அடிமடியைச் சுரண்டிவிட்டு வருகின்றன. 2017இல் இலங்கை அடிமடி இழுவையைச் சட்டப்படி தடை செய்தது. அதே வருடம் இங்கே இரண்டாயிரம் இழுவைப்படகுகளை ஆழ்கடல் சூரைமீன் படகுகளாக மாற்றும் திட்டம் ராமேஸ்வரத்தில் தொடங்கியது. மூன்று வருடத்தில் முடிப்பதாகச் சொன்னார்கள். இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. இதுவும் ஒரு படகுத்தொகுதிப் பிரச்சினைதான் என்பதைக் கவனியுங்கள். எந்தப் படகு எத்தனை, எது எதற்கு என்ற கேள்வி போர்க்கப்பலுக்கு மட்டும் சொந்தமில்லை. வேறொரு காலத்துக்காக மானியம் கொடுத்துக் கட்டிய இழுவைப்படகும், வேறொரு எதிரிக்காகக் கட்டிய வேகப்படகும், நடுராத்திரியில், ஆழமில்லாத கடலில் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டு பக்கமும் பழைய காலத்தின் கருவிகள். நடுவில் செத்துப்போவது மனிதர்கள்.

*

சாஃப்ட்வேர் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு காரணத்துக்காக எழுதிய சிஸ்டம், அந்தக் காரணம் போன பிறகும் பதினைந்து வருடம் புரொடக்‌ஷனில் ஓடும். யாரும் நிறுத்தத் துணிய மாட்டார்கள், அதன்மேல் புதிய வேலைகளை ஏற்றிக்கொண்டே போவார்கள். அதை எழுதியவர்களின் பயம் அதன் டீஃபால்ட்டுகளில் அப்படியே உட்கார்ந்திருக்கும். பேங்கிங் மாடியூலில் இது நடந்தால் ஒரு ராத்திரி தூக்கம் போகும். பன்னிரண்டு மீட்டர் விசைப்படகுக்கு எதிரே நடந்தால் ஆள் போவான். 'நெருங்கி வரும் படகு ஆபத்து' என்பதுதான் அந்த டீஃபால்ட். போர் முடிந்த அன்று யாராவது உட்கார்ந்து அதை மாற்றியிருக்க வேண்டும். கப்பலை உடைப்பது சுலபம், பழக்கத்தை உடைப்பதற்குத்தான் பட்ஜெட் ஒதுக்குவதில்லை.

மாற்ற முடியாது என்றும் இல்லை. 2004 சுனாமியின்போது கடலின் ஆழத்தை அளக்கக் கட்டிய 'நிருபக்' என்ற இந்தியக் கப்பல் சில நாட்களில் மருத்துவமனைக் கப்பலாகி இந்தோனேசியா போனது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் டாங்கிகளை எதிரிக் கரையில் இறக்கக் கட்டிய 'ஐராவத்' நிவாரணத்தோடு சென்னைக்கு வந்தது. ஆனால் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் இடுப்பளவும் கழுத்தளவும் தண்ணீர் நின்றபோது தெருவுக்குள் வந்தது எது? மீனவர்களின் ஃபைபர் படகு. லாரியில் ஏற்றி ஜி.எஸ்.டி. ரோடு வழியாகக் கொண்டுவந்தார்கள். தெருப்பெயர் தெரியாது, கரண்ட் கிடையாது, எந்தச் சுவர் எங்கே என்று தண்ணீருக்குள் தெரியாது. "பாட்டிய மொதல்ல குடுங்கண்ணே" என்று மாடியிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். தாம்பரத்தில் அந்த வாரம் இருந்த யாரும் இதை மறக்க முடியாது. தெருவுக்குள் வந்தால் மீட்புப் படகு, எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ரேடாரில் தெரிந்தால் அடையாளம் தெரியாத இலக்கு. படகு ஒன்றுதான், அதில் நிற்கும் மனிதர்களும் ஒரே மாதிரியானவர்கள்தான். பார்ப்பவர் யார், எதற்காகப் பார்க்கிறார் என்பது மாறுகிறது. கலத்தின் பங்கு என்று நாம் சொல்வது இதைத்தான், டன் கணக்கை அல்ல.

"பாஸ், கதைதானே, கொஞ்சம் ஜாலியாகப் படித்துவிட்டுப் போவோமே" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். போங்கள். நானும் கப்பல் எண்ணுவதை ரசிப்பவன்தான், மேலே எத்தனை எண்கள் போட்டிருக்கிறேன் பாருங்கள். எண்களில் ஒரு குற்றமும் இல்லை. அந்த எண்கள் எந்தக் கேள்விக்குப் பதில் என்பதுதான் விஷயம். 'யார் ஜெயிப்பார்' என்பதற்கு மட்டுமே பதிலாக இருந்தால் அது கிரிக்கெட் ஸ்கோர்கார்டு. அமெரிக்க வாசகருக்கு ஒரு சலுகை உண்டு, அவருடைய கடற்படை பெரும்பாலும் அவர் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் வேலை செய்கிறது. நமக்கு அந்தச் சலுகை இல்லை. நம் மொழி பேசுகிறவர்கள் நீரிணையின் இரண்டு கரையிலும், போர்க்கப்பலுக்கு முன்னாலும், அகதிப் படகிலும், சில வருடங்கள் வேகப்படகின் பின்னாலும் நின்றிருக்கிறார்கள். இவ்வளவு அனுபவத்தையும் ஓரமாக வைத்துவிட்டு 'ஸ்டார் வார்ஸ்' வரிசையைக் கடன் வாங்கி அதற்குச் சோழப் பெயர் சூட்டுவது கற்பனை வறட்சி. கொஞ்சம் கோழைத்தனமும்கூட.

சோழனைத்தான் எழுத வேண்டுமென்றால் 1025ஐ விட்டுவிட்டு 1088க்குப் போங்கள். கடாரப் படையெடுப்புக்கு அறுபத்துச் சொச்சம் வருடம் கழித்து, சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருசில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு ஒரு தமிழ்க் கல்வெட்டை நட்டது. அதில் வெற்றி முழக்கம் கிடையாது. அங்கே வரும் கப்பல்காரர்கள் எவ்வளவு பொன் செலுத்த வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. படைக்கலம் போன கடலில் வரிக்கணக்கு மிஞ்சியிருக்கிறது. அந்த அறுபது வருடத்தில் என்ன நடந்தது, படையில் போனவர்களில் யார் அங்கேயே தங்கினார்கள், யாருடைய கப்பல் யார் கைக்கு மாறியது? ஒரு நாவலுக்கு இது போதாதா?

விண்வெளியில்தான் எழுதுவேன் என்றாலும் சரி. ஆனால் போர் முடிந்த மறுநாளில் தொடங்குங்கள். வளையத்தில் ஒரு சிறுகோள், அதைச் சுற்றிப் பனிக்கட்டி வெட்டிப் பிழைக்கும் இரண்டு ஊர்கள், ஒரே மொழி, நடுவில் ஒரு கோடு. கோட்டில் நிற்கும் படகு தற்கொலைக் கலங்களை எதிர்க்கக் கட்டப்பட்டது. அதன் மாலுமிக்கு இருபத்திரண்டு வயது, போரைப் பார்த்ததில்லை, போரைப் பார்த்தவர்கள் எழுதிய கையேடு மட்டும் அவனிடம் இருக்கிறது. ராத்திரி. திரையில் ஒரு புள்ளி நெருங்கி வருகிறது. அதில் வருகிறவருக்கு வீட்டில் கடன், பெட்டியில் பாதிப் பனி. கையேடு ஒன்று சொல்கிறது, அவன் கண் வேறொன்று சொல்கிறது. அவன் என்ன செய்கிறான்?

எழுதி அனுப்புங்கள். கப்பல் எத்தனை டன் என்று நான் கேட்க மாட்டேன்.